தமிழுக்கு இரண்டு

மூன்று நாளாய் ரவுட்டரில் சிவப்பு லைட்.
மாதக் காசு மட்டும்
ஒன்றாந் திகதி விடியமுன்னமே
கழன்று போய்விட்டது.

இரண்டை அழுத்தினேன்.
"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது."
பதினொரு தரம் முக்கியமானேன்.
இடையில் புல்லாங்குழல்,
இடையில் புதுப் பெக்கேஜ் விளம்பரம்.
வெள்ளவத்தை ஜன்னலுக்குக் கீழே
பாணந்துறை ரயில் போனது,
திரும்பியும் வந்தது.

பிறகு ஒரு பெடியன். அசிதவாம்.
"சேர், சிங்களம் கதைக்க ஏலுமா?
தமிழ் மிஸ் இண்டைக்கு வரல்ல."
அவனுடைய தமிழ்
யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை:
கை நீளம், கழுத்து இறுக்கம்.
என்றாலும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.
என் சிங்களமும் அந்தக் கணக்குத்தான்.

தடக்கித் தடக்கி நடந்து
ஒரு நிறத்தில் சந்தித்தோம்.
"ரத்து" என்றேன் நான்.
"சிவப்பு" என்றான் அவன்.
ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னான்.
பண்ணினேன்.
சிவப்பு.
"சொறி சேர்" என்றான்,
மெய்யாகவே கவலைப்பட்டவன் மாதிரி.

வைத்த கையோடு குறுஞ்செய்தி, ஆங்கிலத்தில்:
எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?

லைனுக்குப் பூச்சியம்.
அசிதவுக்கு ஐந்து.

ஒரு பெட்டிதான் தந்திருக்கிறார்கள்.