மூன்று எட்டுத் தூரம்

வல்பராய்சோவில், கல்லறை வாசலில் பூ விற்கிறேன்.
காலையில் கடை திறந்தால்
கார்னேஷன் வாளிகளில் ஏற்கெனவே
ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.
பின்னங்காலைத் தூக்கி, நிதானமாக,
பத்திரப் பதிவாளர் மாதிரி.

ஈயச் சாம்பல் நிறம். பெயர் பிளோமோ.
யாருடைய நாயும் இல்லை,
அதனால் இந்தக் குன்றில் எல்லோருடைய நாயும்.

பக்கத்துக் கடை பௌடீலியோ சொன்னார்:
"மிளகாய்த் தூள் தூவு. இல்லையா, அந்துருண்டை.
ஒரே நாளில் ஓடிவிடும்."
ஓடும். போன குளிர்காலத்தில் ஒன்று
அப்படித்தான் ஓடியது, வாயோரம் நுரை தள்ள,
நாற்பது படி மட்டும்.
எனக்கு வேண்டியது வாளியைச் சுற்றி ஒரு முழம் இடம்.
அதன் உயிர் அல்ல.

ஆகவே எலுமிச்சைத் தோல்,
சந்தை கலையும்போது சும்மா கிடைப்பது.
அப்புறம் வினிகர், இரண்டு பங்கு தண்ணீர் விட்டு,
துணியில் நனைத்து, வாளியின் வெளிப்புறம் மட்டும்.
நாய் மேல் ஒரு சொட்டும் கூடாது.
என் மூக்குக்கு அது ஒரு தும்மல்.
அதன் மூக்குக்கு
காதருகே கப்பல் சங்கு ஊதினாற்போல் இருக்குமோ என்னவோ.

வந்தது. முகர்ந்தது.
பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட விருந்தாளியாக
என்னை ஒரு பார்வை.
மூன்று எட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

மழை பெய்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.
வெயில் காய்ந்தாலும் மறுபடி.

செவ்வாய்க்கிழமை எர்மெலிந்தா வந்தாள்,
அண்ணனைப் புதைக்க.
மலர் வளையத்தில் முகம் வைத்தவள் சட்டென்று எடுத்தாள்.
"இதென்ன, சாலட் வாசம்?"
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
அதற்குள் அவள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்,
கறுப்புக் கையுறையால் வாயைப் பொத்தி,
சவ வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.
"உயிரோடு இருந்தவரை ஓர் இலை தின்னாதவன்!"
விலையைக் குறைத்துக் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.
இரவு கடை சாத்தி
நூற்றுப் பதினெட்டுப் படி இறங்கும்போது,
விளக்கு எரியாத திருப்பங்களில்
என் முழங்காலை உரசிக்கொண்டு வருவது பிளோமோதான்,
நான்கு வருடமாக.

இப்போதும் வருகிறது.
மூன்று எட்டுத் தள்ளி.
என் விரலில், ஏப்ரன் பையில், நகக்கண்ணில்
எலுமிச்சை.

படிக்கட்டின் நடுவே ஒரு பொதுக்குழாய்.
இன்று சோப்பு கொண்டுவந்திருக்கிறேன்.
கழுவி முகர்ந்தால் இன்னும் இருக்கிறது.
தேய்க்கிறேன்.
அது கீழ்ப்படியில் உட்கார்ந்து
துறைமுகத்தைப் பார்க்கிறது,
எனக்காக நிற்கவில்லை என்பதுபோல.