மூன்று அங்குலம்

கதவில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது.
ஸ்டிக்கரை உரித்து ஏழு வருஷம்.
சுற்றிலும் வெயில் தின்ற வெள்ளை,
வட்டத்துக்குள் மட்டும் புது வெள்ளை.
பக்கக் கண்ணாடியில் துவக்குக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.
அதை நான் சுரண்டவில்லை.
யானைகளும் வாசிக்கட்டும்.

நிவாரணம் முடிந்ததென்று அவர்கள் போனபோது
கிளிநொச்சியில் ஏலம் விட்டார்கள்.
கதிரைகள், ஜெனரேற்றர், தண்ணீர்த் தாங்கிகள்,
கடைசியில் இந்த லாண்ட் குரூசர்.
மீற்றரில் மூன்று லட்சத்துப் பதினோராயிரம்.
அவ்வளவும் எங்களைப் பார்க்க வந்த தூரம்.

ஒட்டுசுட்டானில் ரெஜினோல்ட்டின் கராஜ்.
பின் ஸ்பிரிங்கில் இரண்டு தகடு கூட்டினான்,
முன்னுக்கு ஒரு பழைய லொறியின் தகட்டை வெட்டி வைத்தான்.
மூன்று அங்குலம் எழும்பியது.
மூன்று அங்குலம் என்றால்
வரம்பு இனி அடிவயிற்றில் உரசாது,
உடைந்த மதகின் கம்பி டிஃபரென்ஷியலைத் தேடாது,
கிளினிக்குக்குப் போகிற பெண்டுகள் ஏறமாட்டார்கள்.
அவர்களுக்கென்று பின்னுக்கு ஒரு சோடாப் பெட்டி கட்டியிருக்கிறேன்.

பம்பருக்கு இரும்பு தேடினோம்.
எங்கள் ஊரில் இரும்புக்கா பஞ்சம்?
ரெஜினோல்ட் ஒவ்வொன்றாய்த் தட்டிக் காது கொடுத்தான்.
ஒரு துண்டைத் தட்டவே இல்லை,
இரண்டு கையாலும் தூக்கிப்போய்
பாலை மரத்தடியில் மெதுவாய் வைத்துவிட்டு வந்து
தேத்தண்ணி கேட்டான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

காற்றுக்குழாய்க்குப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.
"வாகனம் உங்கட அவற்றையோ?" என்றான் கடைக்காரன்.
"இல்லை, லீசிங் கொம்பனியின்ரை."
பொய்யில்லை. விஞ்ச் வாங்க வண்டியை ஈடு வைத்திருந்தேன்.
திரும்பி வரும்போது வவுனியா பஸ்ஸில்
என் மடியில் கிடந்த அந்தக் கறுப்புத் தும்பிக்கைக்கும்
அரை ரிக்கற் கிழித்தான் கண்டக்டர்.

மார்கழியில் குளம் வான் பாய்ந்தது.
சந்தி மரத்தில் பலகை அடித்தேன்:
சேறு என்றால் செல்வி. கீழே நம்பர்.
உழவு மெஷினுக்கு நாலாயிரம்,
நெல் ஏற்றியிருந்தால் ஐந்து.
சவ வண்டிக்குக் காசில்லை, அது ஒருமுறைதான் வந்தது.
விஞ்சின் பட்டியைச் சுற்ற முதிரை மரம் பார்ப்பேன்,
மரக்காலைக்காரர் வேண்டாமென்று விட்ட மரங்களாய்.
உள்ளே சன்னம் கிடந்து அவர்களின் வாளைத் தின்கிறதாம்.
எனக்கு அது போதும். அந்த மரங்கள் அசையா.

ஒரு வியாழக்கிழமை, மழை விட்டும் விடாமலும்,
ஃபோன்.
வாய்க்கால் றோட்டில் கார் புதைந்துவிட்டது,
"அண்ணையை உடனே வரச் சொல்லுங்கோ."
போனேன்.
முழங்காலளவு செஞ்சேற்றில் கழுத்துப்பட்டியோடு ஒரு மனிதர்,
நெஞ்சோடு அணைத்த பிளாஸ்ரிக் கோவை.
கோவையின் மேலே என் பெயர்,
என் வண்டி இலக்கம்,
மூன்று மாதத் தவணை.

அவர் இலக்கத் தகட்டைப் பார்த்தார்.
கோவையைப் பார்த்தார்.
வட்டத்தையும் பார்த்தார், ஏனென்று தெரியாது.
நான் கொக்கியை மாட்டினேன்.
கம்பி இறுகி ஒருதரம் முனகியது.
சேறு, கடன்காரன் கையைப் போல,
விரல் விரலாய்த்தான் விட்டது.

நாலாயிரம் எண்ணித் தந்தார்.
நான் அதை அவர் கையிலேயே திருப்பி வைத்து
"தவணையில் போட்டு றிசீற் எழுதுங்கோ" என்றேன்.
பொனெற்றில் வைத்து எழுதினார்.
மழைத்துளி விழுந்து நாலு கலைந்தது,
மறுபடி எழுதினார்.
"மிச்சம்?"
"மழை பெய்யுதுதானே."

சிரிக்கவில்லை. திங்கள் வருவாராம், ஆட்களோடு.
கார் வளைவில் மறைந்தது.
மதகு தாண்டி இன்னொரு பள்ளம் இருக்கிறது,
முதலாவதை விட ஆழம்.
நான் சொல்லவில்லை.
இஞ்சினை நிறுத்தவுமில்லை.