பாக்கி வசூலுக்குப் போன இடத்தில்

கிண்டியில் ஒரு ஜப்பான் கம்பெனி.
பேரிங் சப்ளை செய்து ஏழு மாதம்,
எழுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் பாக்கி.
மூன்று மணிக்கு மேல் வாருங்கள் என்றது அக்கவுண்ட்ஸ்.
அப்போது மணி ஒன்று பத்து.

துடைப்பத்தோடு லிஃப்டில் நின்ற பியூலா கேட்டார்:
"சும்மாதான நிக்கறீங்க, சாமி பாக்கறீங்களா?"

ஏழாவது மாடிக்கும் மேலே மொட்டை மாடி.
ஏசி பெட்டிகள் வரிசையாக அனல் மூச்சு விட
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
சிவப்பாக ஒரு வாசல்.
வாசல் மட்டும்தான்.
இரண்டு கால், மேலே இரண்டு சட்டம்.
கதவில்லை, சுவரில்லை,
பக்கவாட்டில் சுற்றிக்கொண்டும் போகலாம்.
நான் என்னவோ
அதற்குள் குனிந்துதான் போனேன்.

ஷூவைக் கழற்றினேன்.
"வேணாம் சார், அவங்க ஷூவோடதான் கும்புடுவாங்க."
அதற்குள் சித்திரைத் தரை பாதத்தைப் பிடித்துவிட்டது.
சாக்ஸ் ஓட்டை வழியே
கால் கட்டைவிரல்தான் முதலில் சாமி பார்த்தது.

புறாக்கூண்டு அளவில் ஒரு மரவீடு.
இரு பக்கமும் வெள்ளை நாய்கள். பைரவர் என்று நினைத்தேன்.
"நரி சார்."
சரி, நரி முகத்தில் விழித்தாயிற்று,
இன்றைக்குச் செக் கிடைக்கும்.
ஒரு நரியின் கழுத்தில் கனகாம்பரம்,
இன்னொன்று வெறுங்கழுத்தாய்.
"முழம் பத்தல" என்றார் பியூலா.
தட்டில் வைத்த உப்பு
கடற்காற்றில் கசிந்து
தட்டோடு ஒட்டியிருந்தது.
கை கழுவ மூங்கில் அகப்பை,
இருபது லிட்டர் கேனில் தண்ணீர்.

"என்ன சாமிங்க இது?"
"தெரியாது சார். நான் சர்ச்சு.
டூட்டி சார்ட்ல எனக்குப் போட்டிருக்கு:
கேன்டீன், லிஃப்ட், சாமி."

நடுவில் ஓட்டை உள்ள காசு போட வேண்டுமாம்.
என்னிடம் ஓட்டையில்லாத ஐந்து ரூபாய்.
போட்டேன். இரண்டு முறை குனிந்தேன்.
இரண்டு முறை கை தட்டினேன்.
தொட்டி மேலிருந்த காக்கை என்னைத் திட்டிவிட்டு
பரங்கிமலைப் பக்கம் போயிற்று.

பேரூரில் சண்டிகேசர் முன்னால் தட்டுவோம்.
உன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை,
பார், வெறுங்கை.
இங்கே எதற்கு?
"வந்திருக்கேன்னு சொல்றதுக்காம்.
காலிங் பெல் மாதிரி."

வந்திருக்கிறேன்.
கோயம்புத்தூரிலிருந்து. மூன்றாவது தடவை.
அடுத்து ஏதோ கேட்டேன்,
மீனம்பாக்கத்துக்கு இறங்கிய விமானம்
தலைக்கு மேல் தாழ்வாக உரசிப் போனதில்
என்ன கேட்டேன் என்று எனக்கே கேட்கவில்லை.

மூன்றரைக்கு அக்கவுண்ட்ஸ் சொன்னது:
கையெழுத்துப் போடுபவர் ஸ்ரீபெரும்புதூர் போயிருக்கிறார்,
அடுத்த வியாழன் பாருங்கள்.
பியூலா லிஃப்டில் இல்லை. கேன்டீன் நேரம்.
சண்டிகேசர் சந்தோஷப்பட்டிருப்பார்.

இரவு, சேரனில் மேல் படுக்கை.
அரக்கோணம் தாண்டியும் விடாத ஒரு கொசு.
இருட்டில் குத்துமதிப்பாக
இரண்டு தட்டுத் தட்டினேன்.
கீழ்ப் படுக்கையிலிருந்து
தூக்கம் கலையாத குரல் ஒன்று கேட்டது:
"யாரு?"