பூவைத் தாண்டாத மீன்

பள்ளத்தூருக்குத் தெற்கே எங்கள் கண்மாயில்
அளவுகோல் ஓர் ஆத்தங்குடிக் கல்.
யார் வீட்டுத் தளத்திலோ பதித்தது போக மிஞ்சியது,
ஒரு மூலை உடைந்தது.
மூக்கை இந்த ஓரத்தில் வைத்து
வாலை நீவிவிட்டால்
நீலப் பூவைத் தாண்டவேண்டும் ஜிலேபி.
தாண்டினால் கூடை.
தாண்டாவிட்டால் தண்ணீர்.

குத்தகை எடுத்த சவரியப்பன் போட்ட சட்டம்.
"பொடியை விடு, பெருசாகித் திரும்பி வரும்" என்றார்.
யாரும் மறுக்கவில்லை.
இந்தப் பக்கத்தில்
வட்டிக்கு விட்ட காசு மாதிரிப் பேசினால்
எதுவும் சரியாகத்தான் கேட்கும்.

கல்லுக்குக் காவல் நான், நாள் கூலிக்கு.
மடையோரம் குத்தவைத்து
நாலு வருசம் மீன் அளந்தேன்,
நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன்.
முதல் வருசம் நூற்றுக்கு அறுபது தாண்டியது.
அடுத்த வருசம் முப்பத்தைந்து.
அதற்கடுத்து பதினொன்று;
அதிலும் இரண்டின் வாலை
நான்தான் கொஞ்சம் இழுத்துவிட்டேன்,
சவரியப்பன் முகத்தைப் பார்த்து.

இந்த வருசம் வலை தூக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது.
அவ்வளவு மீன்.
அத்தனையும் பூவுக்குள்.

தை மாதம் ஒருத்தியைக் கல்லில் கிடத்தினேன்.
ஆறு விரல் இருப்பாள்.
வாயைத் திறந்தாள்.
கடுகு தெறித்த மாதிரி குஞ்சுகள்
பூவின் மேல் துடித்தன.
இதில் எதை அளப்பது?
கையால் வழித்து
தாயையும் கடுகையும் தண்ணீரில் விட்டேன்.
சட்டப்படி சரிதான்.

அவள் செதில் ஒன்று என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.
ராத்திரி மகனுடைய பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.
வளையத்துக்குள் வளையம்.
உள்ளே அகலமாய்,
வெளியே போகப் போக
பேருந்துப் படியில் தொங்குகிறவர்கள் போல நெருக்கியடித்து.
நாலு வரை எண்ணினேன்.
அப்புறம் எண்ணப் பிடிக்கவில்லை.

பொடி என்று நாங்கள் திருப்பி விட்டதெல்லாம்
பிள்ளை பெற்றுத் தேய்ந்த பொம்பளைகள்.
நூறு இலைக்கு வடித்த சோற்றில்
நானூறு பேர் உட்கார்ந்த பந்தி;
யாரையும் எழுப்பாமல்
வாசலில் நின்று இன்னும் வரவேற்றுக்கொண்டிருந்தது
என் கல்.

நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
"அப்ப கல்லைத் திருப்பிப் போடு.
தாண்டாததைப் பிடி, தாண்டுவதை விடு"
என்றான் வலைக்கார முத்திருளு.
"பொடிக்குக் கருவாட்டு விலைதான் தருவான்,
போட்ட பணத்தை யார் தருவா?"
என்றார் சவரியப்பன்.
"பொடியைத் தின்னத்தானே விரால் இருந்தது,
அது எங்கே?"
இதைக் கேட்டது யாரென்று நினைவில்லை.
எல்லோரும் கரைவேலத்தையே பார்த்தோம்.
முழங்கை நீள விராலுக்குக் கல்லும் இல்லை, சட்டமும் இல்லை.
ராத்திரித் தூண்டிலில் ஒவ்வொன்றாய்ப் போனது.
ஒன்று என் வீட்டுக் குழம்பில்.

பேச்சு மாசியில் தொடங்கிப் பங்குனியிலும் முடியவில்லை.
கண்மாய் யாரையும் கேட்காமல்
ஒரு படி இறங்கியது,
பிறகு இன்னொரு படி.
சித்திரையில் முழங்கால் தண்ணீர்.
வெள்ளைத் துண்டு வீசியதும் ஊரே இறங்கியது,
ஊத்தாவும் கச்சாவும் கொசுவலையுமாக.
அன்றைக்கு எந்த மீனுக்கும் நீளம் இல்லை.
சவரியப்பனும் வேட்டியை மடித்துக் கட்டிச்
சேற்றுக்குள்தான் நின்றார்.

மடைக்குழியில் கலங்கல் தண்ணீரில்
விரல் நீள விரால் குட்டிகள் எட்டு,
யார் கண்ணிலும் படாமல்.
முந்தானையில் அள்ளிக்கொண்டேன்.

இப்போது என் கொல்லைச் சிமெண்டுத் தொட்டியில் கிடக்கின்றன.
மழைக்கு இன்னும் நாலு மாதம்;
எட்டில் எத்தனை தேறுமோ,
கண்மாயில் விட்டால் யார் தூண்டிலுக்கோ, தெரியாது.
விரால் துள்ளும்.
அதனால் தொட்டி வாயில் பலகையைப் போட்டு
மிச்ச இடைவெளிக்கு அந்தக் கல்லைக்
கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
பூ தண்ணீரைப் பார்க்க.
விரால் மேலே வந்து மூச்சு வாங்கும்.
உடைந்த மூலை அதற்குப் போதும்.