குறியீடு ஐந்து

தறி ஓடும்போது பேச்சு எடுபடாது.
டாக்டர் நஸ்ரத் விரலில் எண் காட்டுகிறார்,
நான் கட்டத்தில் எழுதுகிறேன்.

சுழியம் என்றால் நல்ல பல்.
ஒன்று, சொத்தை.
நான்கு, சொத்தையால் போனது.
ஐந்து, வேறு காரணத்தால் போனது.
ஒன்பதுக்குப் பூட்டிய வீடும் சேரும், பூட்டிய வாயும்.

சோமனூருக்குத் தெற்கே, வாக்காளர் பட்டியலில்
பதினேழுக்கு ஒரு வீடு.
பிளாஸ்டிக் நாற்காலி, நெற்றி விளக்கு,
கொதியில் போட்டெடுத்த அறுபது வாய்க்கண்ணாடி.
“பல்லெண்ணவா வந்தீங்க?
நானு ரேசன் கார்டுக்காக்கும்னு இருந்தேன்”
என்கிறார் சென்னியப்பன்,
உதடு பிரியாமலே.

அடுத்த வீட்டில் அண்ணன் தம்பி.
அண்ணனுக்கு முப்பத்தொன்று. முன்பல் நான்கிலும்
டிக்காசன் சொட்டிய வேட்டிபோலக் கறை.
போர்த்தண்ணி குடித்து முளைத்தவை.
தம்பிக்கு இருபது. மோர் வெள்ளை.
ஆத்துத்தண்ணிக் குழாய் ஊருக்குள் வந்த வருடத்தைப்
பஞ்சாயத்து ஆபீசில் கேட்க வேண்டியதில்லை,
இருவரையும் சேர்ந்து சிரிக்கச் சொன்னால் தெரியும்.
தம்பி சிரித்தான்.

கேள்வி பதினொன்று:
கடந்த பன்னிரண்டு மாதத்தில்
பல்லின் தோற்றத்தால் கூச்சப்பட்டது உண்டா?
அடிக்கடி, சில சமயம், இல்லை, தெரியாது.
“பொழுதன்னைக்குமுங்” என்றார் அண்ணன்.
அடிக்கடியில் குறித்தேன்.
பொண்ணு பார்க்கப் போனால்
தம்பியைத்தான் பேசச் சொல்வாராம்.
அதற்குக் கட்டம் இல்லை.

வேலாத்தாள், ஐம்பத்திரண்டு.
டாக்டரின் கை முழுதாக விரிந்தது.
மேல் வரிசை, நட்டநடு.
விழுந்தீங்களா என்று சைகையில் கேட்டேன்.
என் காதுக்குள் கத்தினார்:
“நாடா தெறிச்சுதுங்!
கண்ணுல படாத தப்பிச்சேன்.”
ஆஸ்பத்திரிக்கு?
“பாவு அறுந்து கெடந்துச்சு,
அதை முடிஞ்சுட்டுத்தான் எந்திரிச்சேன்.”

அந்த வீதியில் அது மூன்றாவது ஐந்து.
மத்தியானத்துக்குள் ஏழு.
எல்லாம் முன்பல், எல்லாம் ‘வேறு’.
ஓரத்தில் பென்சிலால்
சின்னதாக ஒரு ‘நா’ போட்டுக்கொண்டே வந்தேன்.
டாக்டர் பார்த்தார். அழிக்கச் சொல்லவில்லை.

பல் வைத்தியரிடம் ஏன் போகவில்லை?
தூரம், செலவு, பயம், தேவை தோன்றவில்லை.
“வலிக்கிற பல்லுக்குப் போனா ஒரு நாள் கூலி போவுது.
பல்லே போயிருச்சுன்னா
வலியும் இல்ல, கூலியும் நிக்குமுங்.”
செலவு என்று குறித்தேன்.
அப்புறம் நான்காவதையும் குறித்தேன்.
ஒன்றைத்தான் குறிக்கவேண்டும் என்பது விதி.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
ஊரே காது திறந்தது.
எங்கோ ஒரு மாடு, ஒரு பிரஷர் குக்கர்.
டாக்டரின் குரலை அன்றைக்கு அப்போதுதான் கேட்டேன்,
“தண்ணி இருக்கா?” என்றது.

லைன் வீட்டிலிருந்து திலேஷ்வர் வந்தான்.
இடது கன்னம் இட்லியாக உப்பியிருந்தது.
ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வருடம்,
எட்டுத் தறி பார்க்கிறான்.
“மேடம், நம்மளுக்கும் பாக்கணும்.”
அவன் பெயர் இந்த ஊர்ப் பட்டியலில் இல்லை.
பட்டியலில் இல்லாத வாய் கணக்கில் இல்லை,
பயிற்சியில் இரண்டுமுறை சொன்னார்கள்.

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார்.
விளக்கைப் போட்டார்.
விரலைக் காட்ட மறந்து வாயால் சொன்னார்:
ஒன்று. ஒன்று. நான்கு. ஒன்று.
எந்தத் தாளில் எழுதுவது?
கையுறைப் பெட்டியின் அட்டையைப் பிய்த்தேன்.
அவன் பின்னால் ஆறு பேர்,
கைனியைத் துப்பிவிட்டு
வரிசையில் நின்றார்கள்.

பல்லடம் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.
திலேஷ்வர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
“லீவு லெட்டர் யார் குடுக்கும்?”

கரண்ட் வந்துவிட்டது.
அவன் ஓடினான்.
டாக்டர் மறுபடி விரலுக்கு மாறினார்.

இப்போது கோயமுத்தூரில்
கணினிக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன்.
ஐந்துகள் எல்லாம் ஐந்துகளாக ஏறிவிட்டன,
‘நா’ ஏறவில்லை.
கையுறை அட்டை மடியில் இருக்கிறது.
ஏழு வாய், நூற்றுத் தொண்ணூற்றொரு பல்.
திரை முதலில்
வீட்டு எண்ணைக் கேட்கிறது.