கத்தரிக்கோல் தெரிகிற தலை

கொத்தொனூ தலைமைத் தபால் நிலையம்,
நான்காம் ஜன்னல்.
பத்தொன்பது வருஷம் அங்கே தலை விற்றேன்.

சின்னத் தலை, பெரிய தலை,
தொப்பி வைத்தது, பதக்கம் தெரிவது.
மூன்று பேர் ஒரே நாற்காலியில்
முறைவைத்து உட்கார்ந்த காலத்தில்
மூன்றும் சேர்ந்தாற்போல் ஒன்று.
ஆட்சி எதுவானாலும் ஜனங்கள் செய்தது இதுதான்:
புரட்டிப் போட்டு முதுகை நக்கினார்கள்,
உறை மூலையில் வைத்துக்
கட்டைவிரலால் அழுத்தினார்கள்.
மிச்சத்தை நான் முத்திரையால் முடித்தேன்.

விடிகாலையில் வானொலிப் பாட்டு நின்று
பூட்ஸ் இசை கேட்டால்
அஃபியாவி அலமாரியைத் திறந்து
பழைய தாள்களை எண்ண ஆரம்பிப்பாள்.
"இந்தத் தடவை நீலமா, பச்சையா?"
அவள் கேட்டது
வரப்போகும் தலையின் நிறத்தை.

ஒருநாள் நாட்டின் பெயரே போயிற்று.
தஹோமே என்று படுத்தவர்கள்
பெனின் என்று எழுந்தோம்.
புதுத் தலை அச்சடிக்கக் காசில்லை.
பழசின் மேல் கறுப்புப் பட்டை,
பக்கத்தில் புதுப் பெயர், புது விலை.
அச்சுக்காரருக்கு அவசரமோ, கை நடுக்கமோ,
ஒரு தாளில் பட்டை பெயரை மறைத்தது,
ஒரு தாளில் கடலை.
பாலத் திறப்பு விழாத் தாளில்
இடமிருந்து மூன்றாவதாக நின்ற
மந்திரியின் முகத்தை.
கத்தரிக்கோல் பிடித்த கை மட்டும்
நாடாவுக்கு முன்னால் மிஞ்சியது,
யாருடையதோ போல.

தொண்ணூறு, பிப்ரவரி.
வங்கிகள் கதவைச் சாத்தியிருந்தன.
எங்களுக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி.
கடலோர ஹோட்டலில் மாநாடு.
ஒவ்வொருவராய் மைக்கைப் பிடித்துப்
பதினேழு வருஷத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஜன்னல்களுக்கு நடுவே வானொலி.
வரிசை நகராமல் கேட்டது.
இருமியவனைக்கூட அதட்டியது.

அதில் நின்றுதான் அவர் வந்தார்.
காலர் நைந்த சட்டை,
இஸ்திரி மடிப்பு மட்டும் கத்தி.
உறையை நீட்டினார்: "மாநாட்டுக்கு."
"நடந்தே போய்க் கொடுக்கலாமே."
"வாசலில் பேர் கேட்பார்கள்."
பிறகு, குரலைத் தாழ்த்தாமல்,
"பாலம் போட்ட தலை இருக்கிறதா?
கத்தரிக்கோல் தெரிகிற மாதிரி."

ஜன்னல் விளிம்பில் அந்தக் கை.
வெளிப்பக்கம் வளைந்த சுண்டுவிரல்.
ஆயிரம் தடவை விற்றிருக்கிறேன் அந்த விரலை.

அகோசூ ஹூங்பே.
கால் முன்னால் வந்து பிறப்பவனுக்கு
எங்கள் ஊரில் வைக்கிற பெயர் அகோசூ.
வந்த காலோடு ஓடியிருக்கலாம்.
எழுபத்திரண்டு அக்டோபரில்
மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார்.
வடக்கே கொண்டுபோனார்கள்.

உறை ஒட்டாமல் இருந்தது.
நான் படிக்கவில்லை, அவரே சொன்னார்:
"அந்த மாதம் இருபத்தைந்து நாள் வேலை பார்த்தேன்.
சம்பளம் வரவில்லை.
வேறொன்றும் எழுதவில்லை."

"எனக்கு ஏழு மாதம்," என்றேன்.
அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"அப்படியானால் அம்மா,
நீங்கள் எனக்கு முன்னால் நில்லுங்கள்."
அஃபியாவி சிரித்துவிட்டாள். நானும்.
வரிசை எங்களையும் அதட்டியது.

ஐந்து பிராங்க் குறைந்தது.
அஃபியாவி ஒரு காசைத் தள்ளினாள்.
தன் முதுகைத் தானே நக்கி ஒட்டிய ஒருவரை
அன்றுதான் பார்த்தேன்.

முத்திரையை ஓங்கினேன்.
எங்கே அடிப்பது?
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஏற்கனவே பட்டை.
விரலில் படாமல், நாடாவின் நுனியில்,
தேதி பாதி உறைக்கு வெளியே விழ அடித்தேன்.
விதிப்படி அது தவறு.

வானொலியில் யாரோ
பேச்சை நிறுத்தித் தண்ணீர் கேட்டார்.
வரிசை ஓர் அடி நகர்ந்தது.