பதினெட்டு

யார்க்டனில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கார் எஞ்சினுக்குக்கூட இரவெல்லாம்
மின்சாரத்தில் சூடு கொடுக்க வேண்டிய ஊர்.
காலை ஏழு மணி. எட்டாம் அறை.
ஓரெஸ்ட் வசிலிஷின், எண்பத்தாறு வயது.

ஜன்னலுக்கு வெளியே கோதுமை ரயில் போகும்போது
பெட்டிகளை உக்ரேனிய மொழியில் எண்ணுவார்.
நான் ஆங்கிலத்தில்.
ஒன்று குறைந்தால் சிரிப்பார்,
மாணவிதானே, என்பார்.

இன்று ரயில் போயிற்று.
அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றாகத் தூங்கினார் என்றது இரவுக் குறிப்பு.
காய்ச்சல் இல்லை, முப்பத்தாறு புள்ளி இரண்டு.
நாடி எழுபத்திரண்டு, சமர்த்தாக.
ரத்த அழுத்தத்துக்கு அவர் விழுங்கும் வெள்ளை மாத்திரை
நாடியை ஓடவிடாமல் பிடித்து வைக்கும் என்பது
பரீட்சையில் நான் சரியாக எழுதியது.
அந்தக் கட்டிலருகே நினைவுக்கு வரவில்லை,
மத்தியானம்தான் வந்தது.

பிறகு மூச்சு.
அதைப் பற்றி இங்கே யாரும் மூச்சு விடுவதில்லை.
பதிவேட்டில் அந்தக் கட்டம் மட்டும்
பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு.
மூன்று நாள், ஒன்பது ஷிப்ட்,
நீல மையில், கறுப்பு மையில்,
அவசரத்தில் வாய் மூடாத ஓர் எட்டு,
பனிபொம்மை போல உருண்டு நிற்கும் ஓர் எட்டு.

பனிபொம்மை என்னுடையது. செவ்வாய்க்கிழமை.
அன்று நான் எண்ணவில்லை.
மார்பு ஏறியது, இறங்கியது,
ஆள் உயிரோடிருந்தார், எழுதினேன்.

எண்ணுவது தெரிந்தால் மூச்சு நடிக்கும்.
நாடி பார்ப்பவள்போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
போர்வையின் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன்.
அது ஏறியது. இறங்கியது.
பத்தொன்பது, இருபது,
முள்ளுக்கு இன்னும் இருபது விநாடி பாக்கி.
இருபத்தொன்பது.
நம்பாமல் மறுபடி ஒரு நிமிடம்.
முப்பது.

நோயின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமம் இல்லை.
மருந்து வண்டியோடு நின்ற கேந்த்ராவிடம்
இருந்ததை மட்டும் சொன்னேன்:
மூச்சு முப்பது, முழு நிமிடம், இரண்டு தடவை.
ரொட்டியைத் தொடவில்லை.
ரயிலை எண்ணவில்லை.

ரயிலையா?

ஆமாம். எப்போதும் எண்ணுவார்.

வண்டியைப் பூட்டிவிட்டு நடந்தாள்.
இந்தக் கட்டடத்தில் யாரும் ஓடக்கூடாது,
ஆனால் அவள் காலணி வேறு சத்தம் போட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மற்றவர்கள் கையில்.
தொலைபேசி, ஆக்ஸிஜன், ஆம்புலன்ஸ்.
கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினேன்,
உதட்டை ஈரத்துணியால் ஒற்றினேன்,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று என்பதால்
இரண்டு ஜோடி காலுறை போட்டுவிட்டேன்.
கட்டைவிரல் நகம் ஒன்று மாட்டிக்கொண்டது.
மன்னியுங்கள் என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பதினெட்டை அழிக்க முடியாது,
அழிக்கவும் கூடாது.
அது எண்ணாமல் எழுதியது என்று
கேந்த்ராவிடம் சொன்னேன்.
பேனாவை நோக்கியபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.
ஒன்பது ஷிப்டில் இரண்டு அவளுடையது.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் தகவல் இல்லை.
இரண்டு மணி ரயில் வந்து போனது,
நான் நூற்று நான்கில் தவறவிட்டேன்.

ஒன்பதாம் அறையில் திருமதி ஹோக்லுண்ட்
காபி கேட்டார்.
கோப்பையோடு போய்
அவர் கம்பளிச் சட்டையின் மூன்றாவது பொத்தானையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்ன இப்படி முறைக்கிறாய், பெண்ணே,
காபி ஆறுகிறது.

ஒரு நிமிடம், என்றேன்.
பேசாமல் இருங்கள்.